எந்த ஏரியா எடுக்கலாம், அக்கா?

ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதம் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வின் முடிவு வந்ததும் எனக்கு ஊர்ப்பக்கமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பிள்ளைகள். யாரோ ஒரு சீனியர் என் நம்பரைக் கொடுத்திருப்பார். நல்ல ரேங்க் வாங்கியிருப்பார்கள், ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆராய்ச்சிப் பிரிவு எது என்று கேட்கும் இடம் வந்ததும் கை நின்றுவிடும். "அக்கா, எந்த ஏரியா எடுக்கலாம்?"

அரை மணி நேரப் போனில் இதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. எம்டெக் ரிசர்ச் என்றால் இரண்டு மூன்று வருஷம், பிஎச்டி என்றால் ஐந்து ஆறு வருஷம் ஒருவருடைய இருபதுகளை எடுத்துக்கொள்ளும் முடிவு இது. பெயரைக் கேட்டு, சம்பளத்தைக் கேட்டு, பக்கத்து வீட்டுப் பையன் எடுத்ததைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில், கணினி அறிவியல் துறையில், கம்பைலர் (நாம் எழுதும் நிரலைச் சிப் ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) பக்கம் பிஎச்டி செய்கிறேன். யஷ்வந்த்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம், டாடா இன்ஸ்டிட்யூட் என்றால் போதும், தமிழிலேயே பேரம் பேசலாம். எங்கள் துறை 1969-இல் ஸ்கூல் ஆஃப் ஆட்டோமேஷன் என்ற பெயரில் தொடங்கியது. இங்கே நடக்கும் வேலைகளை மூன்று பெரிய பிரிவுகளாகச் சொல்வார்கள்: தியரி, சிஸ்டம்ஸ், இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் (மெஷின் லேர்னிங் இதில்தான் வரும்). பம்பாய், டெல்லி, மெட்ராஸ் ஐஐடி எங்கே போனாலும் பெயர் கொஞ்சம் மாறும். பிரிக்கும் கோடு ஏறக்குறைய இதே இடங்களில்தான் விழும்.

இந்தப் பெயர்களை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு ஓர் உதாரணம். "சைபர் செக்யூரிட்டி பண்ணணும் அக்கா" என்று கேட்பவர்கள் நிறைய. ஆனால் துறைக்குள் அது ஒரே இடத்தில் இருக்காது. மறையாக்கம், அதாவது கிரிப்டோகிராஃபி, தியரிக்காரர்களிடம் இருக்கும். அவர்கள் எதையும் ஹேக் செய்வதில்லை. 'இந்த முறையை உடைக்க முடிந்தால் அந்தக் கடினமான கணிதச் சிக்கலையும் தீர்க்க முடியும்' என்று நிரூபணம் எழுதுவார்கள். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ஓட்டைகள் வெளியே வந்தனவே, பிராசசர் முன்கூட்டியே ஊகித்து ஓடுவதைப் பயன்படுத்தி ரகசியத்தை வாசிப்பவை, அவை கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், அதாவது சிப்பின் உள்ளமைப்பைப் பார்க்கும் லேபின் வேலை. சி நிரலில் நினைவகப் பிழை தேடுவது எங்கள் மாதிரி நிரல் பகுப்பாய்வு ஆட்களிடம். பயிற்சி கொடுத்த மாடலிலிருந்து ஒருவருடைய தனிப்பட்ட தரவு கசிகிறதா என்று பார்ப்பது மெஷின் லேர்னிங் லேபில். நான்கு பேரும் செக்யூரிட்டி ஆட்கள்தான். ஒருவருடைய நாளும் இன்னொருவருடைய நாளும் ஒட்டவே ஒட்டாது.

அதனால் போன் செய்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான். அந்த லேபில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று தெரியுமா? பேப்பர் ஏற்கப்பட்ட நாளை விடுங்கள். எதுவும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை. ஆராய்ச்சியில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு ஏரியாவிலும் வேலை நிற்கும் விதம் வேறு. எந்த விதமான முட்டுக்கட்டையை உங்களால் வருஷக்கணக்கில் தாங்க முடியும் என்பதுதான் கேள்வி.

தியரியிலிருந்து தொடங்குகிறேன். நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுவதும், சரியாகத் தெரியாமலேயே தள்ளிவிடுவதும் இதைத்தான்.

2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பிடெக் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை, தற்செயலை நம்பாமல், நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் நம்பாமல், அந்த எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்த பல்லுறுப்புக்கோவை நேரத்தில், அதாவது இலக்கங்கள் கூடினாலும் கட்டுக்கடங்காமல் பெருகாத நேரத்தில், சொல்லிவிட முடியும் என்ற முடிவு. எத்தனையோ பேர் பல காலம் முயன்ற கேள்வி. பதில் சில பக்கங்களில் அடங்கியது. அதில் இருந்த கணிதம் நன்றாகப் படித்த ஓர் இளங்கலை மாணவருக்கே புரியக்கூடியது. ஆனால் நடைமுறையில் பெரிய பகா எண் தேட இன்றும் பயன்படுவது அதற்கு முன்பே இருந்த மில்லர்–ராபின் சோதனைதான். அதில் மிகச் சிறிய பிழை வாய்ப்பு உண்டு, ஆனால் வேகம் அதிகம்.

இதைச் சொன்னதும் "அப்போ அதனால என்ன பிரயோஜனம்?" என்பது உங்களுக்கு முதலில் தோன்றினால் தியரியில் சிரமப்படுவீர்கள். "அப்படியா, எப்படி நிரூபிச்சாங்க?" என்று தோன்றினால் தாராளமாக அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.

தியரி லேபில் மெஷின்கள் அவ்வளவாக இருக்காது. வெள்ளைப் பலகை, காகிதம், இரண்டு மூன்று பேர், நிறைய மௌனம். ஒரு கூற்று உண்மையா என்று யோசிப்பார்கள். காலையில் உண்மை என்று நிரூபணம் கிடைத்த மாதிரி இருக்கும், மாலைக்குள் அதில் ஓட்டை தெரியும், மறுநாள் அந்த ஓட்டை வழியாகவே எதிர் உதாரணம் கிடைக்கும். வாரக் கடைசியில் காட்டுவதற்கு ஒரு படமோ ஓடுகிற நிரலோ கையில் இருக்காது. அது சிலரை உள்ளுக்குள் அரித்துவிடும். சிலருக்கு அதுதான் சுகம். எனக்குத் தெரிந்த நாகர்கோவில் பெண் ஒருத்தி, மேத்ஸ் தனக்கு வராது என்று சொல்லிக்கொண்டே வந்தவள். முதல் செமஸ்டர் அல்காரிதம் கோர்ஸில் வீட்டுப்பாடக் கணக்கு ஒன்றை இரவு தூங்காமல் யோசித்து, வகுப்பில் யாரும் காட்டாத வழியில் முடித்தாள். இன்றைக்கு வரைபட (கிராஃப்) வழிமுறைகளில் வேலை செய்கிறாள். கல்லூரியில் நமக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறியியல் கணக்கு பெரும்பாலும் சூத்திரத்தில் போட்டு விடை எடுப்பது. அதில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்துத் தியரி வருமா வராதா என்று சொல்லவே முடியாது.

தியரி பக்கம் ஆசை இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதற்குப் பெங்களூரு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் இரண்டுமே இந்தத் துறையில் நாடறிந்த இடங்கள். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இந்தப் பெயர்களே தெரியாமல் நம் மாவட்டங்களில் பிள்ளைகள் நான்கு வருஷம் படித்து வெளியே வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எஃப்எஸ்டிடிசிஎஸ் என்ற தியரி மாநாடு 1981 முதல் நம் நாட்டிலேயே நடந்து வருகிறது, பெரும்பாலும் டிசம்பரில். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்தால் ஒரு நாளாவது போய் உட்காருங்கள். பாதி புரியாது. பேசுகிறவர்கள் எதைக் கண்டு உற்சாகப்படுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தால் போதும்.

சரி, அடுத்தது சிஸ்டம்ஸ். இது நான் இருக்கும் இடம், அதனால் கொஞ்சம் நீளும்.

ஆர்க்கிடெக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், நிரல்மொழிகள், தரவுத்தளம், நெட்வொர்க், நிரல் சரிபார்ப்பு எல்லாம் இந்தக் குடைக்குள் வரும். இங்கே பொதுவான வேலைமுறை: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய மென்பொருள் ஒன்றுக்குள் புகுந்து, ஓர் இடத்தை மாற்றி, உண்மையிலேயே மேம்பட்டிருக்கிறதா என்று அளப்பது. கட்டுவதைவிட அளப்பதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ஆர்க்கிடெக்சர் நண்பர்கள் ஜெம்5 மாதிரியான சிமுலேட்டரில் புது வடிவமைப்பை ஓட்டுவார்கள். உண்மையான சிப்பில் ஒரு நொடியில் முடிவது அதில் பல மணி நேரம், சில சமயம் நாட்கணக்கில் ஓடும். ஓடி முடிந்த பிறகு ஓர் அளவுருவைத் தப்பாகக் கொடுத்திருப்பது தெரியவரும். மறுபடி ஓட்ட வேண்டும். இந்தக் காத்திருப்பைச் சலிக்காமல் சகிப்பவர்கள்தான் அங்கே நிலைக்கிறார்கள்.

தரவுத்தளம் என்றால் நம் பிள்ளைகள் எஸ்க்யூஎல் (தரவைக் கேட்டு வாங்கும் மொழி) எழுதுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் துறையில் பேராசிரியர் ஜெயந்த் ஹரித்சாவின் குழு செய்த பிக்காசோ என்ற கருவியை எல்லோரிடமும் சொல்வேன். நீங்கள் ஒரு வினவலை, அதாவது தரவைக் கேட்கும் கேள்வியைக் கொடுத்தால், தரவுத்தளம் அதை எந்த வழியில் ஓட்டலாம் என்று மதிப்பிட்டு ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும். வினவலில் இருக்கும் நிபந்தனை எத்தனை வரிசைகளைப் பிடிக்கும் என்பது மாற மாறத் திட்டமும் மாறும். எந்த இடத்தில் எந்தத் திட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து இவர்கள் வரைந்து பார்த்தார்கள். வணிகத் தரவுத்தளங்களின் முடிவுகள்கூட எவ்வளவு சிக்கலான துண்டுதுண்டான ஓவியமாக இருக்கின்றன என்பது தெரிய வந்தது, பெயரும் அதனால்தான். அந்தத் துண்டுகளில் பலவற்றைப் பெரிய நஷ்டமில்லாமல் ஒன்றாக்கிவிடலாம் என்றும் காட்டினார்கள். 1970-இல் எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்பு மாதிரியை முன்வைத்ததிலிருந்து இவ்வளவு காலம் கழித்தும், ஒரு வினவலுக்கு எத்தனை வரிசை வரும் என்று சரியாக ஊகிப்பது தீராத பிரச்சினை. மெஷின் லேர்னிங்தான் வேண்டும் என்று வந்த மதுரைத் தம்பி ஒருவன் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் தரவுத்தளப் பக்கம் போனான். இப்போது அவனிடம் பேச்சை ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

கம்பைலருக்கு வருகிறேன். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போன சப்ஜெக்ட் இல்லையா?" என்று என் கல்லூரி ஆசிரியர் ஒருவரே கேட்டார். பாடத்தில் நமக்கு வருவது லெக்ஸர் (நிரலைச் சொற்களாகப் பிரிப்பது), பார்சர் (அதன் இலக்கணத்தைப் பார்ப்பது) வரைக்கும்தான், அதனால் அப்படித் தோன்றும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒரு நிரலில் நேரம் பெரும்பாலும் சுழற்சிகளில்தான் போகிறது. நினைவகத்திலிருந்து தரவை எடுத்து வருவது கணக்குப் போடுவதைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால் விடை மாறாமல் சுழற்சிகளின் வரிசையை மாற்றி, ஒரு முறை எடுத்து வந்த தரவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, சிப்பில் இருக்கும் பல கோர்களுக்கு (ஒரே நேரத்தில் கணக்குப் போடும் பகுதிகளுக்கு) பிரித்துக் கொடுக்க வேண்டும். சுழற்சிகளைப் பன்முகிகளாக, அதாவது வடிவியல் உருவங்களாகப் பார்த்து இதைத் தானாகச் செய்யும் புளூட்டோ என்ற கருவி 2008-இல் வந்தது. அதை எழுதிய உதய் பொந்துகுலா இன்றைக்கு எங்கள் துறையில்தான் பேராசிரியர். ஏஐ மாடல்கள் இன்று பலவகைச் சிப்களில் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது, அதற்கு இதே கம்பைலர் வேலைதான் வேண்டும். முடிந்து போனது என்று சொல்லப்பட்ட பாடத்துக்கு இன்று பெங்களூரில் சிப் நிறுவனங்கள் ஆள் தேடுகின்றன.

என் பகுதி, கம்பைலர் செய்த மாற்றம் சரிதானா என்று பார்ப்பது. 2011-இல் யூட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் சிஸ்மித் என்ற கருவியை வெளியிட்டார்கள். அது சி நிரல்களைத் தானாகவே எழுதிப் பல கம்பைலர்களுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடும். உலகம் முழுக்க நம்பிப் பயன்படுத்தும் கம்பைலர்களில் 325-க்கும் மேற்பட்ட, அதுவரை தெரியாத பிழைகளை அது கண்டுபிடித்தது. அப்போது காம்ப்சர்ட் என்ற, கணித நிரூபணத்தோடு எழுதப்பட்ட கம்பைலரின் நிரூபிக்கப்பட்ட பகுதிகளில் தவறான நிரலை உருவாக்கும் பிழை ஒன்றையும் அதனால் காட்ட முடியவில்லை. இதைப் படித்த அன்றுதான் எனக்கு இந்த ஏரியா பிடித்தது. நிரூபணமும் வேண்டும், ஓடுகிற நிரலும் வேண்டும் என்று இரண்டு பக்கமும் இழுக்கப்படுகிறவர்களுக்கு இது பொருத்தமான இடம். ஒரு நிரல் நிற்குமா என்பதையே எல்லா நிரல்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்று கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1936-இல் காட்டிவிட்டார். ஆகவே முழுமையான தானியங்கிச் சரிபார்ப்பு சாத்தியமில்லை என்ற இடத்திலிருந்துதான் நாங்கள் தொடங்குகிறோம். எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான் வேலை. 1994-இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் பிழைக்காக இன்டெல் 47.5 கோடி டாலரைக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. அதன் பிறகு வன்பொருள் நிறுவனங்கள் இந்தப் பக்கம் கவனமாகத் திரும்பின.

என் செவ்வாய்க்கிழமை இப்படிப் போகும். காலையில் எல்எல்விஎம் என்ற திறந்த மூலக் கம்பைலர் தொகுப்பின் மூலநிரலைக் கட்டுவதற்குப் போட்டுவிட்டு டீ. ஒரு சோதனை தவறும். ஏன் என்று தேடத் தேட, இரண்டாயிரம் வரி நிரலைப் பத்து வரியாகச் சுருக்குவதிலேயே மதியம் போய்விடும். சுருக்கிய பிறகு பார்த்தால் தவறு கம்பைலரில் இருக்காது, நிரலில் வரையறுக்கப்படாத நடத்தை ஒன்று, அதாவது என்ன நடக்க வேண்டும் என்று மொழியின் விதியே சொல்லாத ஓர் இடம், ஒளிந்திருக்கும். மாலையில் எழுதிவைக்க ஒரு வரி மிஞ்சும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஏதோ ஒரு நாள் அந்தப் பத்து வரி உண்மையான பிழையைக் காட்டும்போது கிடைக்கும் திருப்தி வேறு எதிலும் இல்லை.

இப்போது எல்லோரும் கேட்கும் மெஷின் லேர்னிங். போன் செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் இதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள், நான் வேறு எதையாவது சொல்லிவிடுவேனோ என்று பயத்தோடு கேட்பார்கள். நான் தடுப்பதில்லை. 2012-இல் படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட், 2017-இல் இன்றைய மொழி மாடல்களுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் என்று பத்து வருஷத்தில் ஒரு துறை இப்படிப் புரட்டிப்போடப்படுவது அபூர்வம். அதில் இருக்க ஆசைப்படுவது நியாயம். ஆனால் உள்ளே போவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், நாள் எப்படிப் போகும் என்பது. தரவைச் சுத்தம் செய்வது, ஜிபியூ (மாடலைப் பயிற்றுவிக்கும் சிப்) வரிசையில் காத்திருப்பது, பயிற்சி ஓடும்போது வளைகோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது, அட்டவணையில் ஓர் எண் ஏன் இரண்டு சதவீதம் கூடியது என்று காரணம் தேடுவது. காரணம் கிடைக்காமலேயே போவதும் உண்டு. தெளிவான நிரூபணம் வேண்டும் என்று மனம் துடிப்பவர்களுக்கு இது உறுத்தும். அடுத்தது நெரிசல். மெஷின் லேர்னிங்கின் பெரிய மாநாடான நியூரிப்ஸுக்கு 2024-இல் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட பேப்பர்கள் வந்தன. நீங்கள் யோசித்ததை இன்னும் மூன்று பேர் அதே மாதத்தில் யோசித்திருப்பார்கள். பிறகு கணக்கீட்டு வசதி. அலெக்ஸ்நெட்டை இரண்டு ஜிபியூக்களில் ஒரு வாரத்துக்குள் பயிற்றுவித்தார்கள், அது ஒரு பல்கலைக்கழக லேபுக்குக் கட்டுப்படியாகும் அளவு. இன்றைய பெரிய மொழி மாடல்களை அந்த மாதிரி நம் லேபில் ஆரம்பத்திலிருந்து பயிற்றுவிக்க முடியாது. அதனால் காசால் ஜெயிக்கும் கேள்விகளை விட்டுவிட்டு, யோசனையால் ஜெயிக்கக்கூடிய கேள்வியைத் தேடுகிற கைடிடம் போங்கள்.

அப்படிப்பட்ட கேள்விகள் நம் மொழியிலேயே இருக்கின்றன. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கு' என்பதில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஆறு பைட். அதோடு 'போய்விட்டிருந்தவர்களுக்காகவும்' மாதிரி ஒரே சொல்லில் ஒரு வாக்கியத்தையே கட்டிவிடுகிறோம். மாடலுக்குக் கொடுக்கும் முன் சொற்களைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது துண்டாக்கி; பெரும்பாலும் ஆங்கிலத் தரவை வைத்துச் செய்த துண்டாக்கி இதைச் சுக்கல் சுக்கலாக உடைக்கும். அதனால் அதே விஷயத்தைச் சொல்லத் தமிழுக்கு அதிகச் செலவு, குறைந்த தரம். மெட்ராஸ் ஐஐடியின் ஏஐ4பாரத் குழு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு மாடலை 2023-இல் திறந்த மூலமாகவே வெளியிட்டது. இதில் செய்ய வேண்டியது இன்னும் மலையளவு இருக்கிறது. தமிழ் தெரிந்து, நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் ஒழுங்காகத் தெரிந்த பிள்ளைகள்தான் செய்ய வேண்டும்.

ஏரியாவை வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நான் செய்ததையும், பிறகு வந்தவர்களுக்குச் செய்யச் சொன்னதையும் சொல்கிறேன்.

பேராசிரியரின் அறிமுகத்தில் இருக்கும் ஆர்வப் பட்டியல் எப்போது எழுதியது என்று தெரியாது. டிபிஎல்பி என்ற நூற்பட்டியலில் அவர் பெயரைப் போட்டுக் கடைசி மூன்று வருஷப் பேப்பர்களின் தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். ஆர்வம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆசிரியர் வரிசையையும் பாருங்கள். சிஸ்டம்ஸிலும் மெஷின் லேர்னிங்கிலும் முதலில் வரும் பெயர்தான் வழக்கமாக அதிக வேலை செய்தவர், அது மாணவராக இருக்க வேண்டும். தியரியில் பெயர்கள் அகரவரிசையில் வரும், அதை வைத்து எதையும் கணிக்க முடியாது. நம் துறையில் பத்திரிகைகளைவிட மாநாடுகளுக்குத்தான் மதிப்பு என்பதையும் மனதில் வையுங்கள். ஊரில் ஒரு பேராசிரியருக்கு எத்தனை ஜர்னல் பேப்பர் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

அப்புறம் ஆய்வேடுகள். எங்கள் நிறுவனத்தின் பழைய ஆய்வேடுகள் யாரும் படிக்கத் திறந்தே இருக்கின்றன. முழுசாகப் படிக்க வேண்டாம். முதல் அத்தியாயத்தையும், நன்றி தெரிவிக்கும் பக்கத்தையும் படியுங்கள். முதல் அத்தியாயத்தில் ஏரியாவின் வரைபடம் இருக்கும். மாநாட்டுப் பேப்பரில் இட நெருக்கடியால் விட்டுப்போன விளக்கமெல்லாம் அங்கே நிதானமாக இருக்கும். நன்றிப் பக்கத்தில் லேப் எப்படிப்பட்டது என்பது தெரியும். கைடைப் பற்றி மனசாரப் பத்து வரி எழுதியிருக்கிறாரா, சம்பிரதாயத்துக்கு ஒரு வரியா என்று பார்த்தாலே போதும்.

பெங்களூரில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். பிஎச்டி டிஃபென்ஸ், அதாவது ஆய்வை முடித்தவர் அதை அவையில் விளக்கும் தேர்வு, எல்லோருக்கும் திறந்தது. எங்கள் துறைக் கருத்தரங்க அறையில் நடக்கும்போது பின் வரிசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒருவருடைய ஐந்து வருஷ உழைப்பை ஒரு மணி நேரத்தில், அவரே, புரியும்படி சொல்லும் இடம் வேறு எங்கே கிடைக்கும்? ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்டி கனவு காண்கிற நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து கேளுங்கள். கல்லூரிப் பிள்ளைகளானால் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் ஓப்பன் டேக்கு வரலாம். அன்றைக்கு லேப்கள் திறந்திருக்கும், மாணவர்கள் வாசலிலேயே நின்று பதில் சொல்வார்கள்.

உள்ளே வந்துவிட்டவர்களுக்கு: கோர்ஸ்வொர்க் நடக்கும் முதல் வருஷத்தை வீணாக்காதீர்கள். நிச்சயம் இந்த ஏரியாதான் என்று இருந்தாலும், தியரியில் ஒன்று, சிஸ்டம்ஸில் ஒன்று, மெஷின் லேர்னிங்கில் ஒன்று எடுங்கள். அதில் புராஜெக்ட் இருக்கும் கோர்ஸாகப் பார்த்து எடுங்கள். தேர்வில் நன்றாக எழுதுவது ஒரு திறமை, திறந்த கேள்வி ஒன்றோடு ஒரு மாதம் இருப்பது வேறு திறமை. எது உங்களுக்குப் பிடிக்கிறது என்பதை புராஜெக்ட்தான் காட்டிக்கொடுக்கும்.

கைடா, ஏரியாவா, எது முக்கியம் என்று கேட்டால் நான் தயங்காமல் கைடு என்பேன். பிடித்த ஏரியாவில் பொருந்தாத கைடோடு ஆறு வருஷம் இருப்பது கொடுமை. கொஞ்சம் தள்ளிய ஏரியாவில் நல்ல கைடு கிடைத்தால் அந்த ஏரியாவே பிடித்துப்போகும். முடிவு செய்யும் முன் அந்த லேபின் மாணவர்களிடம் பேசுங்கள், கைடு அறையில் இல்லாதபோது. "சார் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். அதனால் குறிப்பாகக் கேளுங்கள். கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினீர்கள்? உங்கள் கேள்வியை யார் தேர்ந்தெடுத்தது? முன்னால் முடித்தவர்களுக்கு எவ்வளவு காலம் ஆனது, பாதியில் போனவர்கள் உண்டா? பேப்பர் நிராகரிக்கப்பட்டபோது என்ன சொன்னார்? நம் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். தமிழ் பேசும் சீனியர் ஒருவர் அந்த லேபில் இருந்தால் அவரோடு டீ குடிக்கப் போய்க் கேளுங்கள், வாய் தானாகத் திறக்கும்.

வீட்டில் கேட்கும் கேள்வி இருக்கிறதே, "எவ்வளவு தருவாங்க, எப்போ முடியும்?" அதற்கும் தயாராக இருக்க வேண்டும். எம்டெக் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். பிஎச்டிக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் 37,000, பிறகு 42,000. ஐடி கம்பெனியில் சேர்ந்த நண்பர்களோடு ஒப்பிட்டால் குறைவு. தங்கை கல்யாணமும் வீட்டுக் கடனும் இருக்கும் குடும்பத்தில் இதை லேசாகச் சொல்லிவிட முடியாது, நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் விடுதியும் மெஸ்ஸும் போக வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்ப முடிகிறது. அப்பாவுக்கு நான் என்ன செய்கிறேன் என்று ஒரு முறை முழுசாகச் சொன்னேன். "கம்ப்யூட்டர் போடுற கணக்கு சரியான்னு பார்க்கிற வேலை" என்று அவரே பக்கத்துக் கடையில் சொல்லிக்கொள்கிறார். வீட்டுக்குச் சொல்லிப் புரியவைக்க முடிகிற ஏரியாவா என்பதையும் நான் ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்வேன்.

நேர்முகத் தேர்வுக்கு வருபவர்கள் ஏரியாவின் புதுச் செய்திகளை மனப்பாடம் செய்து வருகிறார்கள். அங்கே கேட்பது அடிப்படை: நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், தனிநிலைக் கணிதம், தரவுக் கட்டமைப்புகள், ஆபரேட்டிங் சிஸ்டம். நீங்களே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பந்தாவான பாடத்தைச் சொல்லாமல் ஆழமாகத் தெரிந்த பாடத்தைச் சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலம் தடுமாறுமே என்று பயப்படுகிறார்கள். பலகையில் எழுதிக்கொண்டே பேசுங்கள். எழுதியது சரியாக இருந்தால் வாக்கியம் உடைந்தாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

கடைசியாக, பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சல். 'மதிப்புக்குரிய ஐயா, உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று முப்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள், பதில் வரவில்லை என்று வருந்துகிறார்கள். அதற்குப் பதிலாக ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய சமீபத்திய பேப்பர் ஒன்றை ஒரு வாரம் வைத்துப் படியுங்கள். நிரல் வெளியிட்டிருந்தால் இறக்கி ஓட்டிப் பாருங்கள். பிறகு ஆறு வரி எழுதுங்கள்: யார் நீங்கள், எந்தப் பேப்பர், அதில் எந்த இடம் புரிந்தது, எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள், என்ன கேட்க விரும்புகிறீர்கள். மதிப்பெண் பட்டியலை இணைப்பில் வையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குப் பிறகு அடுத்தவர். அந்தப் பேப்பரை ஒரு வாரம் முழுக்கப் படிக்கவே முடியவில்லை, மூன்றாம் பக்கத்திலேயே சலித்துவிட்டது என்றால் மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். வேறு ஏரியாவில் இன்னொரு பேப்பரை எடுங்கள்.